அந்தோனியார் தேடித் தராத சொல்

பங்கு மக்களே, இந்தப் பங்கு மடலில் சாந்தமாகச் சாட்சி எழுத எனக்கு வராது. கோபத்தோடுதான் சொல்லப்போகிறேன். என் குணம் அந்தோனியாருக்குத் தெரியும்.

நாங்கள் அகதி முகாமிலிருந்து ஊருக்கு, விடத்தல்தீவுக்குத் திரும்பி, தகரக் கொட்டிலை விட்டுக் கல்வீட்டுக்கு மாறியிருந்த காலம். உயர்தரப் பரீட்சையில் நான் இரண்டு தரம் கோட்டை விட்டிருந்தேன். முகாமில் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது ஒரு தாதிதான் அவரைப் பிழைக்க வைத்தார். அந்தத் தாதியைப் போல ஆகவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அதற்கு இந்தப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் சொல்வதுதான் சட்டம். அவன் எனக்கு ஒரு சம்பந்தமும் பேசி வைத்துவிட்டான்.

"இந்தமுறையும் பெயில் எண்டால் கலியாணந்தான். பிறகு நீ வாய் திறக்கப்படாது" என்றான்.

பிரான்சிலிருந்து மாமி ஒரு போன் அனுப்பினார். படிப்பதற்காம். ரியூசன் வாத்தியாரின் பாடங்களும் பழைய வினாத்தாள்களும் அதில்தான் வந்தன. பேஸ்புக்கும் அதிலேதான் வந்தது. காலையில் புத்தகத்தை விரித்து, போனைக் கொஞ்சம் பார்ப்போம் என்று எடுத்தால், நிமிரும்போது பின்னேரக் கோயில் மணி அடிக்கும். அந்தப் போனை நான் வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே பார்த்தேன். செபக்குழு அக்கா ஒருவர், "சாத்தானைத் தூக்கிக் கடலில போடும் பிள்ளை" என்று புத்தி சொன்னார். வினாத்தாளை யார் தருவது, அவரா?

எங்கள் ஊரில் பூட்டின் திறப்பு தொலைந்தாலும் ஆடு தொலைந்தாலும் அந்தோனியாரிடம்தான் கேட்பது. ஒரு செவ்வாய்க்கிழமை நவநாளில் மெழுகுதிரி கொளுத்தி நானும் கேட்டேன். "அந்தோனியாரே, என்ர புத்தி துலைஞ்சு போச்சு. தேடித் தாரும்." எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதே வாரம், கூடப் படித்த ஒருத்தி ஒரு பூட்டுச் செயலியைக் காட்டினாள். வேண்டாதவற்றை அது பூட்டிவிடும். கடவுச்சொல் இல்லாமல் திறக்கவும் முடியாது, அதை அழிக்கவும் முடியாது. அந்தச் சொல்லை நானே போட்டால் நானே திறப்பேன். அம்மாவிடம் கொடுத்தால் இரங்கிவிடுவார். யோசித்துப் பார்த்தேன். அண்ணனை விட்டால் வீட்டில் எனக்கு இரங்காத ஒரே ஆள் அவன் மனைவி, என் மச்சாள். எனக்கும் அவளுக்கும் அடுப்படியில் தொடங்கும் சண்டை கிணற்றடியில்தான் முடியும்.

"மச்சாள், இதுக்கு ஒரு சொல் போடுங்கோ. நான் அழுது கேட்டாலும் சொல்லப்படாது."

"நீ அழுதால் எனக்கென்ன?" என்று சொல்லிக்கொண்டே போட்டாள்.

சில நாட்கள் நன்றாகப் படித்தேன். பிறகு அந்தச் செய்தி வந்தது. என்னோடு படித்த ஒருத்தன் பேஸ்புக்கில் என் படத்தைப் போட்டு, "மூண்டாம் தரமாம், புத்தகத்துக்கே அலுத்திருக்கும்" என்று எழுதியிருந்தானாம். ஊரே சிரித்ததாம். அவனுக்கு நாலு சொல் எழுதாமல் விட்டால் நான் மனுசியில்லை என்று மச்சாளிடம் ஓடினேன்.

"அந்தோனியார் பேரைத்தான் போட்டனான். என்ன எழுத்தில போட்டன் எண்டு ஞாபகமில்லை" என்றாள்.

தமிழ்ப் பேரை ஆங்கில எழுத்தில் எழுத ஆளுக்கொரு முறை இருக்கிறது. 'எச்' போட்டாளா, விட்டாளா? கடைசியில் ஓர் 'ஏ'யா, இரண்டு 'ஏ'யா? எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் எழுதிப் பார்த்தேன். திறக்கவில்லை. கோயிலுக்குப் போய் அந்தோனியாரோடு சண்டை பிடித்தேன். "உம்மட சொந்தப் பேர்தானே. அதைக்கூடவா தேடித் தரமாட்டீர்? ஊரில ஆட்டைத் தேடிக் குடுக்கிறீர்." அவர் குழந்தை இயேசுவை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றார். இனி உமக்கு மெழுகுதிரியே கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செய்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. அந்த ஆத்திரம் முழுவதையும் உயிரியல் புத்தகத்தில் காட்டினேன். அவனுக்கு எழுத நினைத்த ஒவ்வொரு வசவுக்கும் ஒரு பாடம் முடித்தேன்.

பரீட்சையின் கடைசித் தாளை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்த பின்னேரம், மச்சாள் என் கையிலிருந்த போனை வாங்கினாள். ஒரே தரத்தில் திறந்து தந்தாள்.

"எப்பிடி?" என்றேன்.

"இப்பதான் ஞாபகம் வந்தது" என்று சொல்லிவிட்டுக் கறிக்கு உப்புப் போடப் போனாள்.

சித்தியடைந்தேன். இன்று தாதியாக வேலை செய்கிறேன். அண்ணன் பேசிய சம்பந்தம் அப்படியே போய்விட்டது. என்னைப் பழித்தவனுடைய தாய்க்கு நானே ஊசி போட்டேன், மெதுவாகத்தான் போட்டேன். அந்தப் பூட்டை மட்டும் நான் எடுக்கவில்லை. அதற்குப் புதுச் சொல்லும் மச்சாள்தான் போட்டிருக்கிறாள்.

கேட்டது கிடைக்கவில்லையென்று கோயிலோடு கோபித்துக்கொண்டு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதல் என்ன கேட்டீர்கள் என்று ஒருதரம் யோசியுங்கள். நான் முதல் கேட்டது என் புத்தியை. அது கிடைக்க வேண்டுமென்றால் மற்றது கிடைக்கக்கூடாது. நம்பிக் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு கேளுங்கள், அவர் தாங்குவார்.

ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியாருக்கு இரண்டு மெழுகுதிரி கொளுத்துகிறேன். ஒன்று அவருக்கு. மற்றது யாருக்கென்று வீட்டில் நான் இன்னும் சொல்லவில்லை. மச்சாள் இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்.