மாற்றாமல் விட்ட முகட்டு ஓடு

எங்கள் வீட்டுக்குள் பெய்த மழைக்கு டீ டிகாஷன் நிறம்.

கூரை உச்சியில் ஓடு உடைந்த இடத்தில் இறங்கும் தண்ணீர், பல வருட அடுப்புப் புகையைக் கழுவிக்கொண்டு கறுப்பாகச் சொட்டும். கரியும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாடை... பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு விழுந்தால் எந்த சோப்புக்கும் போகாது. "ஏண்டி, காபி குடிச்சியா, குளிச்சியா?" என்று வகுப்பில் கேட்பார்கள்.

கொல்லிமலையில் எடப்புளி நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். மரவள்ளிக் காடு, மிளகுக் கொடி, நடுவே தள்ளித் தள்ளிச் சில ஓட்டு வீடுகள். நான் ஒன்பதாவது படித்தபோது ஐப்பசிக் காற்றில் ஒரு பலாக் கிளை முறிந்து எங்கள் கூரையில் விழுந்தது. இரண்டு பக்கக் கூரையும் சேரும் இடத்தில் தொப்பி மாதிரி கவிழ்த்து வைப்பார்களே, அந்த முகட்டு ஓடுகளில் சில நொறுங்கிவிட்டன.

பேளுக்குறிச்சி சந்தைக்கு மிளகு கொண்டுபோன அன்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஓட்டுக்கடை பாயிடம் போனார்.

"ஓடு வெல பெரிசில்லீங்க" என்றார் பாய். "மேல ஏத்தற வண்டி வாடகதான் ஓட்டு வெலயவிட சாஸ்தி. கொண்டை ஊசி வளைவுல பாதி ஒடையும். அதுக்கும் சேத்து வாங்கிக்கோங்க."

"ஒடையப் போறதுக்கும் காசுங்களா?"

"வளைவ நானுங்களா போட்டேன்?"

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சிமெண்ட் பூசி ஒட்டிட்டா தாங்காதுங்களா?"

"ஒரு மழைக்குத் தாங்கும். அடுத்த மழைக்கு மறுக்கா எங்கிட்டதான் வருவீங்க."

திரும்பும் பஸ் அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி மேலே ஏறும்வரை அப்பா தொடையில் விரலால் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். பூசுவதா, மாற்றுவதா... கடைசியில் மாற்றிவிடலாம் என்றுதான் முடிவு செய்தார். அடுத்த சந்தைக்கு வாங்குவதாக இருந்தது.

அதற்குள் சித்தப்பா வந்து சேர்ந்தார். எந்த ஆபீசில் என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பவர்.

"கிறுக்காண்ணா உனக்கு? கான்க்ரீட் ஊடு கட்டக் கவர்மெண்டுல பணம் தர்றாங்க. ஆளு வந்து போட்டோ எடுப்பாங்க. முகடு நல்லா இருந்தா லிஸ்ட்ல பேரு வராது. ஒடஞ்சது ஒடஞ்சபடியே கெடக்கட்டும்."

அம்மாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். "மேல தளம் போட்ட ஊடு, கண்ணு. உனக்குன்னு தனியா ஒரு ரூமு" என்று என் தலையைத் தடவினாள்.

ஓடு வாங்கவில்லை. ஒரு கட்சி ஃப்ளெக்ஸைக் கூரைமேல் போர்த்தினோம். தலைவர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு கிடந்தார். போட்டோ எடுக்க வந்தவர், "அத எடுத்துருங்க, ஓட்டை தெரியல" என்றார். எடுத்தோம். உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். "கொஞ்சம்தான ஒடஞ்சிருக்கு? செவுரெல்லாம் நல்லா நிக்குதே."

அந்த வருடம் பேர் வரவில்லை.

அடுத்த முறை ஆள் வருவதற்கு முன்பு அப்பாவே ஏணி வைத்து ஏறி, நன்றாக இருந்த ஓடுகளையும் கழற்றினார். அம்மா கீழே நின்று ஒவ்வொன்றாக வாங்கினாள். "ஏனுங்க, இன்னும் ஒண்ணு எடுங்க. பாத்தா பாவமா இருக்கோணும்" என்று சிரித்தாள். ஊரில் பல வீடுகளில் அன்றைக்கு அதே வேலைதான் நடந்தது. ஏழை என்று நிரூபிக்க எங்கள் வீட்டை நாங்களே உடைத்தோம். அது எங்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரியவில்லை. நிரூபிக்கச் சொன்னவர்களுக்கும் தெரியவில்லை.

அப்போதும் பேர் வரவில்லை.

வீட்டில் நனையாத மூலை ஒன்றுதான் மிஞ்சியது. அதில் முதல் இடம் மிளகு மூட்டைக்கு. பூசணம் பிடித்தால் வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்பான். மிச்ச இடம் எனக்கும் என் புத்தகங்களுக்கும். அப்பா வாசல் ஓரம். அம்மா முகட்டுக்கு நேர் கீழே, ஈரச் சாக்கின்மேல் பாய் விரித்துப் படுத்தாள்.

மூன்றாவது மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. ஈரத்தில் படுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்... அப்பா அன்றே ஓடு வாங்கக் கிளம்பினார். தடுத்தது அம்மாதான்.

"இத்தன வருசம் நனைஞ்சாச்சு. இப்பப் போயி ஓடு போட்டா, நனைஞ்சதெல்லாம் வீணாப் போயிருமுங்க."

அந்தக் கார்த்திகையில் ஒரு மத்தியானம் மூச்சு நின்று நின்று வந்தது. வண்டி பிடித்துக் கீழே கொண்டுபோனோம். காரவள்ளி வருவதற்குள், ஏதோ ஒரு வளைவில், என் மடியிலேயே போய்விட்டாள்.

தை மாதம் அதே ஆள் வந்தார். "பேரு வந்துருச்சுங்க! ஊடு அம்மா பேர்லதான். அவங்கள வாசல்ல நிக்கச் சொல்லுங்க, ஒரு போட்டோ எடுக்கோணும்."

"அவ செத்துட்டாளுங்க" என்றார் அப்பா.

வந்தவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். "அப்ப உங்க பேர்ல புதுசா எழுதிக் குடுங்க. அடுத்த லிஸ்ட்ல பாக்கலாம்." பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டுத் திரும்பினார். "அதுவரைக்கும் கூரைய ஒண்ணும் பண்ணிராதீங்க."

அடுத்த சந்தை நாளில் அப்பா முகட்டு ஓடு வாங்கி வந்தார். பேரம் பேசவில்லை. எழுதியும் கொடுக்கவில்லை.

இப்போது நான் நாமக்கல்லில் ஒரு லாரி பாடி பட்டறையில் பில் போடுகிறேன். தளம் போட்ட வாடகை அறை. ஜன்னலைத் திறந்தால்தான் மழை பெய்வதே தெரியும். நீங்கள் எல்லாம் எங்கள் மலைக்குச் சுற்றிப் பார்க்க வந்து, மேகம் இறங்குவதை வீடியோ எடுத்து 'செம வைப்' என்று போடுகிறீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

மழை பிடித்துக்கொண்டால் அப்பாவுக்குப் போன் போடுவேன்.

"ஒழுகுதாப்பா?"

"இல்ல சாமி. ஒரு சொட்டு இல்ல."

போனை வைக்க மனசு வராது. அவர் பக்கத்து மழைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கும்...