கடல்புறா தின்ற டிக்கெட்

ஸ்மில்யானா, ரியேகா என்ற துறைமுக நகரத்தின் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டாள். மாட்டிக்கொண்டவர்கள் சொல்லும் சாக்குகளைப் பொறுமையாகக் கேட்பாள். வீட்டுக்குப் போய் அவற்றைப் படக்கதையாக வரைவாள். பெரிய பதிப்பகங்கள் சீந்தாத ஓவியர்கள் ஏழு பேர் சேர்ந்து, ‘ஷ்கூரா’ என்ற காமிக்ஸ் தொகுப்பைச் சொந்தமாகக் கொண்டுவர முடிவு செய்தோம். எட்டாவது ஆளாக அவளை இழுத்து வந்தவன் நான்தான்.

"வேணாம் டென்கோ. சனங்க என்னை அடிக்க வருவாங்க," என்றாள்.

"வரட்டுமே. வந்தவங்க தலையில ஒரு புத்தகத்தைக் கட்டிடலாம்."

துறைமுகத்துப் பழைய கிடங்கில் வெளியீடு. வெளியே ‘புரா’ என்ற குளிர்ந்த சூறைக்காற்று கதவைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் போட்ட நாற்காலிகள் போதவில்லை. வறுத்த மத்தி மீனும் வெள்ளை ஒயினும் கைமாறின. எண்ணெய்க் கையோடு புத்தகத்தைத் தொடாதீர்கள் என்று கத்தியே என் தொண்டை கட்டிப்போனது.

அப்போது லூச்சானோ உள்ளே வந்தார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். ஸ்மில்யானா சட்டென்று மேசைக்கடியில் குனிந்தாள்.

"அந்த ஆள்தான்டா. கடல்புறா டிக்கெட்டைத் தின்னுடுச்சுன்னு சொன்னவரு. மூணாம் பக்கம் முழுக்க அவர்தான்."

அவர் புத்தகத்தை எடுத்து நிதானமாகப் புரட்டினார். மூன்றாம் பக்கம் வந்ததும் நின்றார். மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இதை வரைஞ்சது யாரு?"

ஸ்மில்யானா மெல்ல எழுந்தாள்.

"நான்தான் ஐயா. மூக்கு கொஞ்சம் பெரிசாப் போயிடுச்சு."

"மூக்கு சரியாத்தான் இருக்கு, எங்கப்பா மூக்கு. பறவைதான் தப்பு. இத்துனூண்டு பறவை டிக்கெட்டைத் தின்னுச்சுன்னா எவன் நம்புவான்?"

"அன்னைக்கு நானே நம்பலையே."

லூச்சானோ வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு இரு கைகளையும் விரித்து, அந்தப் பறவை உண்மையில் எவ்வளவு பெரிது என்று கூட்டத்துக்கே நடித்துக் காட்டினார். உடனே பின்வரிசையில் இருந்து ஒரு பெண், "எங்கிட்ட இதைவிடப் பெரிய பொய் ஒண்ணு இருக்கு," என்றாள். அதற்குப் பின் ஆளுக்கொரு சாக்கு. ஸ்மில்யானாவுக்குக் கையெழுத்துப் போட நேரமில்லை. கேட்டுச் சிரித்தே கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போடும் பொறுப்பை லூச்சானோவே எடுத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபோது அவருக்கென்று ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன். அதைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டே ஸ்மில்யானாவிடம் சொன்னார்:

"அடுத்த புத்தகத்துல என் வீட்டுக்காரியைப் போடும்மா. அவ இதுவரைக்கும் டிக்கெட்டே எடுத்ததில்ல, மாட்டினதும் இல்ல."