முன்னாடி நடந்து நாத்து நட்டவளுங்க

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகதான் எழுதுறா. திட்டுறதையும் அப்படியே எழுதும்மான்னு சொல்லிட்டேன்.

பத்து நாளாச்சு, வயிறு இன்னும் எரியுது. டிவியில வந்த ஒரு கதைக்கா இம்புட்டுக் கோவம்னு கேப்பீங்க. ஆமா, அதுக்குத்தான்.

அந்தக் கதை வாரப் புத்தகத்துல தொடரா வந்தது. அப்ப எங்களுக்குக் கல்யாணமான புதுசு. என் வீட்டுக்காரி எட்டாவது வரைக்கும் படிச்சவ. நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி மாடு மேய்ச்சவன். புத்தகம் வெள்ளிக்கிழமை திருவிடைமருதூர் கடைக்கு வரும். சைக்கிள்ல போயி வாங்கியாருவேன், அவ படிப்பா, நான் கேப்பேன். ஒருதடவ மதகுகிட்ட சைக்கிளோட வாய்க்கால்ல விழுந்துட்டேன். புத்தகத்த அடுப்போரமா காயவச்சு படிச்சா. ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு பிரியவேயில்ல. அதுல என்ன நடந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. சரி, அது கெடக்கட்டும்.

கதையில ஒரு அரக்கி. ஆத்தையே ஒரு மடக்குல குடிச்சிருவா. ஒரு ஊர்ல நடவு நடக்கயில, நடவாளு மாதிரி வேஷம் போட்டு நாப்பது பொம்பளைங்களோட வயல்ல எறங்கிர்றா. மந்திரத்துல நாப்பது பேருக்கும் ஒரே மொகம், ஒரே சீலை. வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறவன் ஒருத்தன் மம்பட்டியோட வரப்புல நிக்கிறான். அவன்தான் அரக்கி யாருன்னு காட்டணும். தப்பாக் காட்டுனா ஊரே காலி.

அவன் மொகத்தப் பாக்கல, சேத்தப் பாக்குறான். நடவுன்னா குனிஞ்சவாக்குல பின்னாடி பின்னாடிதான போவாங்க? நட்ட நாத்துக்கு நடுவுல காலடி குழிகுழியா கெடக்கும், தண்ணி நிக்கும். ஒருத்தி நட்ட எடத்துல மட்டும் குழியே இல்ல. பேயோ அரக்கியோ, கால் தரையில பாவாதே. புடிச்சான் பாருங்க அவள!

என் வீட்டுக்காரியும் நடவுக்குப் போனவதான். டீ குடிக்க வரப்புல உக்காந்தப்ப கூட நட்டவளுங்களுக்கு இந்த எடத்தப் படிச்சுக் காட்டியிருக்கா. அதுக்கப்பறம் எந்த வயல்ல எறங்குனாலும், "ஏ, உன் குழிய காணுமேடி! நீ மனுசியா, யாருடி நீ?"ன்னு ஒருத்திய ஒருத்தி கலாய்ச்சு அப்படி ஒரு சிரிப்பு.

இப்ப அவளுக்குச் சக்கரை வந்து ரெண்டு கண்ணும் போயிருச்சு. அந்தக் கதை டிவியில வருதுன்னதும் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "குழி வர்ற எடத்த மட்டும் நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

மருமக போட்டுவிட்டா. "கோடி கோடியாக் கொட்டி எடுத்திருக்காங்க மாமா"ன்னா. பாத்தா, தண்ணி பாய்ச்சுறவன ராசா மகனாக்கிட்டானுவ. மம்பட்டியக் காணும், வாளு வச்சிருக்கான். ஏன், மம்பட்டி புடிச்சவன் மொகம் போஸ்டர்ல நல்லாருக்காதோ? அதையும் பொறுத்துக்கிட்டேன். வீட்டுக்காரிகிட்ட மம்பட்டின்னே சொல்லிட்டேன்.

ஏழாவது பாகத்துல நடவு வந்துச்சு. வரிசையா பொம்பளைங்க, தலையில பூவு, கையில நாத்து முடி. நட்டுக்கிட்டே முன்னாடி நடக்குறாளுவ!

"அட நாசமாப் போறவனுங்களா!"ன்னு கத்திட்டேன்.

"முன்னாடி போனா என்ன மாமா?"ன்னா மருமக. நெல்லு விக்கிற வீட்டுப் பொண்ணு!

"நட்டத நீயே மிதிச்சுக்கிட்டுப் போவியா?"

வீட்டுக்காரி அதுக்குள்ள என் கையப் புடிச்சா. "வந்துருச்சா? குழி தெரியுதாங்க?"

"தெரியுது"ன்னேன். வேற என்ன சொல்ல?

அந்த நேரம் பாத்து டிவிக்காரன், "உன் கண்ணின் ஒளியே உன்னைக் காட்டிக்கொடுத்தது!"ன்னு மொழங்குறான். அரக்கி கண்ணு டார்ச் லைட்டு மாதிரி எரியுது.

"கண்ணா? குழின்னுல்ல சொல்லணும்?"ன்னா இவ.

அதுக்கு மேல மறைக்க முடியல. "குழியே இல்ல புள்ள. எல்லாம் முன்னாடி நடந்து நடுறாளுவ."

புடிச்சிருந்த என் கைய விட்டா. அப்பறம், "அத்தன பேருல ஒருத்தி கூடவா நடவு நட்டதில்ல?"ன்னா.

அரக்கி கொம்புக்குக் கோடி, கண்ணு நெருப்புக்குக் கோடி. வயல்ல எறங்குன ஒரு பொம்பளையக் கூப்பிட்டு, அம்மா, இது எப்படின்னு கேக்க நாதியில்ல.

"என்னயக் கூப்பிட்டிருந்தா போயிருப்பேன். கண்ணு எதுக்கு இதுக்கு?"ன்னு எந்திரிச்சா. முட்டி வலியோட குனிஞ்சா. எடது கையில நாத்து முடி இருக்குற மாதிரி வச்சுக்கிட்டு, வலது கையால சிமெண்டுத் தரையில குத்திக் குத்தி நட்டா. ஒரு எட்டு பின்னாடி. இன்னொரு எட்டு. கோடு போட்ட மாதிரி நேரா போறா. நானும் பாத்துக்கிட்டே நின்னுட்டேன், பின்னாடி டிவி இருக்குறத மறந்துட்டேன்.

டங்குனு மேசையில இடிச்சுட்டா. டிவி ஆடுச்சு. மருமக ஓடியாந்து டிவியப் புடிச்சா. நான் இவளப் புடிச்சேன்.

அந்த டிவிய விட்டிருக்கணும், விழுந்து தொலையட்டும்னு. இதையும் எழுதும்மா.