செக்கிங்கில் தேறிய பனியன்

திருப்பூரில் ஒருவர் நம்மீது சினம் கொண்டாலும் "ஏனுங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்க" என்றுதான் கேட்பார். நெல்லைச் சீமையிலிருந்து வந்து நாற்பது ஆண்டுகள் ஆன பின்னும் இந்த மரியாதை எனக்கு முழுதாகப் பழகவில்லை. எங்கள் ஊரில் அன்பையே அதட்டித்தான் சொல்வோம்.

பி.காம். பட்டத்துடன் வந்தவன் நான். பட்டதாரி என்பதால் தையல் மெஷின் பக்கமே போகாமல் ஒரு பனியன் கம்பெனியின் அலுவலக நாற்காலியில் அமர்ந்தேன். சொந்தமாக ஒரு கம்பெனி என்பதே அன்றைய இலக்கு. முதலிபாளையத்தில் அதை அடைந்தேன். சென்ற ஆண்டு மகனிடம் ஒப்படைத்தேன். அதன்பின் ஒரு காலை, சட்டை மாட்டிக்கொண்டு எங்கே செல்வதென்று தெரியாமல் நின்றபோதுதான் உறுத்தியது: லட்சக்கணக்கில் பனியன் அனுப்பியவன் ஒன்றைக்கூடத் தைத்ததில்லை. ஒரு பனியனை முழுதாகத் தைக்க வேண்டும், அது செக்கிங்கில் தேறவும் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பீகாரிலிருந்து வந்த தையல்காரர் ராம்பாபு அருகில் அமர்ந்து கற்பித்தார். "ஆராம் சே, பாபுஜி" என்பதே அவர் பாடம்; நிதானமாக என்று பொருள். கம்பெனியிலோ வேறு பேச்சுக் கிளம்பிவிட்டது. செக்கிங் பார்க்கும் சரஸ்வதி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சின்ன மொதலாளி தம்பிகூட ஏதாச்சும் சங்கடமுங்களா? நீங்க போய் மெஷின்ல உட்காரோணுமுங்களா?"

"சங்கடம் ஒண்ணுமில்ல. பீஸைப் பாருங்க."

குறையுள்ள இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது செக்கிங் வழக்கம். என் பனியனை அவர் ஒரு புரட்டுப் புரட்டி, ஸ்டிக்கர் இன்றி நல்லவற்றோடு அடுக்கினார். எடுத்துப் பார்த்தேன். கழுத்துப் பட்டியில் தையல் விட்டிருந்தது. என்னை எவரும் இவ்வளவு மரியாதையாக அவமதித்ததில்லை.

"இது பாஸா?"

"மொதலாளி தச்சதுக்கு எப்படீங்க ஸ்டிக்கர் ஒட்டறது?"

"மத்தவங்க தச்சிருந்தா?"

"நாலு ஒட்டியிருப்பேனுங்க."

"அப்ப நாலையும் ஒட்டுங்க."

தையல் லைன் முழுவதும் பார்த்திருக்க, அவர் ஐந்து ஒட்டினார். யாரோ சிரித்தார்கள். தையலைப் பிரித்துவிட்டு மீண்டும் உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஸ்டிக்கர்கள் வந்தன. பின்னர் ஒரு பிற்பகல், சரஸ்வதி என் பனியனை வெளிச்சத்தில் பிடித்து, உட்புறம் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாஸுங்க. மரியாதைக்குச் சொல்லலீங்க."

அடுத்து, காலர் வைத்த டி-ஷர்ட் தைக்க வேண்டும்.

சென்ற மாதம் எங்கள் ஊர்க் கோவில் கொடை விழாவுக்குச் சட்டைக்குள் அந்தப் பனியனை அணிந்தே போனேன். சன்னதிக்குள் ஆண்கள் மேலாடையோடு நுழைவதில்லை. சட்டையைக் கழற்றியவன் சற்றே தயங்கினேன்.

"அதையும் கழத்துலே" என்றார் அண்ணன்.

"இது நானே தச்சதுண்ணே."

"காலேஜ் படிச்சிட்டு டெய்லராயிட்டியாலே?"

"ஆமாண்ணே. பாஸாயிட்டேன்."

சட்டையை அண்ணனிடம் கொடுத்தேன்; கழற்றிய பனியனைக் கொடுக்க மனம் வரவில்லை. வெற்றுடம்போடு, எங்கள் சாமியின் முன், கையில் திருப்பூரைப் பிடித்தபடி நின்றேன்.