தடுப்புக்கு அந்தப் பக்கம் ஷிம்லா

“முட்டுதா?” என்று, வேலை எங்காவது தடைப்பட்டு நிற்கிறதா எனக் கேட்டுவிட்டு ஷிம்லா பேனா மூடியை வாயில் வைத்துக் கடிக்கத் தொடங்குகிறார். இனிப் பதில் வரும்வரை அவர் பேசப் போவதில்லை. அவரைச் சுற்றி டீமில் உள்ள எல்லோரும் நிற்கிறார்கள். ஒருவன் நேற்று எழுதிய கணினிக் கோட் ஓடவில்லை என்கிறான். இன்னொருத்தி, விளங்காத ஒன்றை விளங்கியதாகத் தலையாட்டிவிட்டேன் என்கிறாள். ஒருவருக்கும் கூச்சம் இல்லை. ஷிம்லா அபாயாவின் கைநுனியால் வெள்ளைப் பலகையில் எதையோ அழித்துவிட்டு, “சரி, இத ரெண்டு பேராப் பாருங்க” என்கிறார். கையில் எடுத்த பிளேன்டீ ஆறுவதற்குள் காலைக் கூட்டம் கலைந்துவிடுகிறது.

பாலாவிச் சந்தியில், டயர்க் கடைக்கு மேல்மாடியில் எங்கள் மென்பொருள் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் லொறித் தூசு, மூடினால் புழுக்கம். ஒரே மண்டபத்தைப் பலகைத் தடுப்பு வைத்து இரண்டாக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஷிம்லாவின் டீம், இந்தப் பக்கம் என்னுடையது. ஷிம்லா வயதிலும் இளையவர், வேலைக்கும் எனக்குப் பிறகு வந்தவர். “நஸீர் நானா” என்று அண்ணன் முறை வைத்து மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார். தடுப்பு என் தலையுயரம்தான். அங்கிருந்து சிரிப்பு வரும்போது தடையில்லாமல் மேலால் வந்துவிடுகிறது. என் டீம் சிரிக்காத டீம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் எழும்பி வெளியே போனால் சிரிப்பார்கள்.

ஷிம்லா நுரைச்சோலையிலிருந்து பஸ்ஸில் வருகிறார். கொழும்பில் பெரிய கம்பனியில் இருந்தவர், பிள்ளை பிறந்ததும் ஊரோடு வந்துவிட்டார். அலுவலகத்தில் அவர் பல் படாத பேனா மூடி கிடையாது. என் மேசைப் பேனாவிலும் அந்தத் தடம் இருக்கிறது, எப்போது எடுத்தார் என்று தெரியாது. மாலையானால் தன் ஆட்களை எழுப்பிவிடுகிறார். “எழும்புங்க, எழும்புங்க. கோட் ஓடிப் போகாது, பஸ் போயிரும்.” அவர்கள் படியிறங்கும் சத்தம் கேட்கும்போது என் டீம் திரையைப் பார்த்தபடி காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருக்கும்.

அவருடைய இன்னொரு பழக்கம், எதையும் பாதியிலேயே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவது. கற்பிட்டியில் ஒரு விடுதிக்கு முன்பதிவு மென்பொருள் செய்தபோது, இரண்டு கிழமையில் ஒரேயொரு பக்கத்தை முடித்துக்கொண்டு போய், அங்கே சாவி கொடுக்கும் பெண்ணின் கையில் கொடுத்தார். அவள் அழுத்தக் கூடாத இடமெல்லாம் அழுத்தினாள். ஷிம்லாவுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம். “அரைவேக்காட்டுலயே காட்டிரணும் நானா. இறக்கி வெச்ச பொறகு உப்புப் போட்டா கறில சேராது” என்றார் என்னிடம். நான் பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன். முடியாத வேலையை வாடிக்கையாளருக்குக் காட்டுவது மானக்கேடு என்று பழகியவன். விடுதிக்காரர் ஷிம்லாவின் வேலையைப் புகழ்ந்து எங்கள் முதலாளியோடு ஸ்பீக்கர் போனில் பேசியதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து முழுவதும் கேட்டேன். அன்று பகல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் டீமில் கெட்டிக்காரி டிலுக்ஷி. ஒருநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சேர், கோவிக்க வேணாம். நான் அந்தப் பக்கம் போகட்டா?”

“சம்பளம் ஒண்டுதானே. அங்க அப்பிடி என்ன இருக்கு?”

யோசித்தாள். “அங்க தெரியாதெண்டு சொல்லலாம் சேர்.”

போகவிட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளைக் கைதட்டி வரவேற்றார்கள். அவள் வாயில் நான் “நஸீர் சேர்”, அவர் “ஷிம்லா அக்கா”. இதை எத்தனை தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

பிறகு நானும் காலைக் கூட்டத்துக்கு என் ஆட்களை எழுப்பி நிறுத்தினேன். வெள்ளைப் பலகை வாங்கி, அதில் ஒட்ட வண்ணத் தாள்களும் வாங்கினேன். “முட்டுதா?” என்று அதே சொல்லைக் கேட்டேன். “இல்ல சேர்” என்றார்கள், வரிசையாக. யூட் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவனை நேராகப் பார்த்தேன். அவனும் “இல்ல சேர்” என்றான்.

அந்த நேரத்தில்தான் முதலாளி அத்தாஉல்லா கொழும்பிலிருந்து பெரிய வேலையொன்றைக் கொண்டுவந்தார். மீன் ஏற்றுமதி செய்யும் கம்பனி ஒன்றுக்கு, கரையிலேயே மீனை நிறுத்து, எடையைப் போனில் பதிகிற மென்பொருள். நிறுவை, விலை, லொறி எல்லாம் நோன்புக்கு முந்தி வேண்டும் என்றார். முதலில் ஷிம்லாவைத்தான் கேட்டார்.

“எல்லாம் ஏலா சேர். நிறுக்கிற பகுதிய மட்டும் நோன்புக்கு முந்தித் தாரன். அது கரைல ஓடுதான்னு பாத்துட்டு மத்ததச் செய்வம்.”

முதலாளியின் முகம் சுருங்கியது. எனக்கு அதைவிட நல்ல காட்சி அந்த வருடம் கிடைக்கவில்லை. “நான் தாரன் சேர், முழுசா” என்றேன். வேலை எனக்கு வந்தது. அன்று என் டீமுக்கு ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தேன். ஷிம்லா தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து, “மாஷா அல்லாஹ் நானா, பெரிய வேல. கரைக்குக் கொண்டு போய் ஒருக்காக் காட்டிக்கோங்க” என்றார். அந்த முகத்தில் கொஞ்சமாவது பொறாமை இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதல். இல்லை. ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டே போனார்.

நான் கரைக்குப் போகவில்லை. அவர் சொன்னதாலேயே போகவில்லை.

வேலையைக் காட்டும் நாளில் மீன் கம்பனியின் மேலாளர் ஒருவர் வந்தார். கூடவே, எத்தாளைக் கரையில் அவர்களுக்காக மீன் வாங்கும் அனஸ்தாசியாவையும் கூட்டி வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள். இந்தப் பக்கம் நான், யூட், மற்றவர்கள். முதலாளி மேசைத் தலைப்பில். ஷிம்லாவும் அவருடைய டீமும் பின்சுவரோரம் பார்க்க இருந்தார்கள்.

அனஸ்தாசியா போனைக் கையில் வாங்கியதும் சிக்னலை நிறுத்தினார். “எங்கட கரைல இப்பிடித்தான், வரும், போகும்” என்றார். ஒரு கூடை நிறுவையைப் பதிந்தார். திரை சுற்றிக்கொண்டே நின்றது. மறுபடி அழுத்தினார். திரும்பவும் இரண்டு தரம் அழுத்தினார். சிக்னலைத் திறந்துவிட்டதும் ஒரே கூடை நாலு தரம் பதிவாகி விழுந்தது.

“ஆண்டவரே, ஒரு கூட நாலு கூடையாயிட்டு!” என்று சிரித்தார் அவர். “கடல்லயும் இப்பிடி நடந்தா நல்லமே.”

மேலாளர் சிரிக்கவில்லை. “இத ஆர் செஞ்சது?” என்று கேட்டார்.

 என் கண் தானாக யூட்டிடம் போனது. மேலாளரின் கண்ணும் என் கண்ணுக்குப் பின்னாலேயே அவனிடம் போனது. யூட் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கோளாறு அவனுக்கு முன்பே தெரியும் என்று பிறகு டிலுக்ஷி சொன்னாள்.

நோன்பு வந்து போனது. அந்த வேலை இப்போது ஷிம்லாவின் டீமில் இருக்கிறது. நிறுவைப் பகுதி மட்டும் எத்தாளையில் ஓடுகிறது, அனஸ்தாசியா அதைத் திட்டித் திட்டியே பாவிக்கிறாராம். யூட்டும் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். இதெல்லாம்கூட எனக்குப் பொறுக்கும். பொறுக்காதது, அன்று மேலாளர் “இத ஆர் செஞ்சது?” என்று கேட்டு, கண்களெல்லாம் யூட்டிடம் போனபோது நடந்தது.

பின்சுவரோரம் ஒரு கதிரை கிறீச்சிட்டது. அந்த மென்பொருள் ஷிம்லாவின் டீமின் வேலை அல்ல, அவர் அந்த மேசைக்கு வரவே தேவையில்லை. ஷிம்லா தன் கதிரையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, முதலாளிக்குப் பின்னால் சுற்றி, எங்கள் பக்கம் வந்தார். எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. நான் என் மடிக்கணினியை நகர்த்தி வழிகூட விட்டேன். அவர் என்னைக் கடந்து போய், யூட்டின் தோளோடு தோளாகக் கதிரையைப் போட்டு, மேலாளருக்கு நேராக உட்கார்ந்தார்.