கண்ணை மூடிக்கொண்டு போட்ட சண்டை

எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் முழங்காலில் நின்றுதான் நடந்தது. ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் கத்துவது கிறிஸ்தவ வீட்டுக்கு அழகல்ல என்று மாமியார் சட்டம் போட்டிருந்தார். ஆகவே சாயங்காலம் ஆறரை மணிக் குடும்ப ஜெபம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, பாயை விரித்து, கண்ணை மூடி, ஆண்டவரிடம் பேசுகிற பாவனையில் ஒருவரையொருவர் கிழித்தெடுப்போம்.

முறை இதுதான். என் வீட்டுக்காரர் வேதத்தில் ஒரு அதிகாரம் வாசிப்பார். முதலில் நான் ஜெபிப்பேன், அடுத்து அவர், கடைசியில் மாமி ஜெபித்து ஆமென் சொல்லி முடிப்பார். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, கண்ணைத் திறக்கவும் கூடாது. “கிருபையுள்ள பிதாவே, அடியேனுடைய சட்டையில் இரண்டு வாரமாகப் பொத்தான் இல்லாதிருப்பதை நீர் அறிந்திருக்கிறீர்” என்று அவர் சொன்னால், பதில் சொல்ல நான் மறுநாள் ஆறரை வரை காத்திருக்க வேண்டும். மறுநாள், “பொத்தான் டப்பா கண்ணெதிரே இருப்பதைக் காணும் பார்வையை உமது பிள்ளைகள் எல்லாருக்கும் தந்தருளும்” என்பேன். மாமி இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு பெருமூச்சு விட்டு ஆமென் சொல்வார்.

ஐம்பத்தாறாம் வருஷம் மாநிலங்களைப் பிரித்தபோது சண்டை பொத்தானைத் தாண்டிப் பெரிதாகிவிட்டது. அவருக்குத் திருவனந்தபுரத்தில் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அந்தப் பக்கம் முழுக்கச் சென்னை மாநிலத்தோடு போகிறது. இவரைப் போன்றவர்கள் அங்கே போகிறார்களா, இங்கேயே இருக்கிறார்களா என்று அச்சடித்த ஒரு பாரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் போக வேண்டும் என்றார். நான் முடியாது என்றேன். நான் பிறந்து வளர்ந்தது இதே ஊரில், கரமனையில். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, இங்கேயே டீச்சராகவும் ஆகிவிட்டேன். அந்த வேலையை உதறிவிட்டு, அவருடைய ஊரில் வருகிற போகிற சொந்தக்காரர்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருக்க எனக்குக் கொஞ்சமும் மனமில்லை.

ஏன் போக வேண்டும் என்று கேட்டால், “நம்ம ஊருல்லா” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. மாமி மட்டும் தன் வெண்கலப் பானைகளை ஏற்கெனவே சாக்கில் கட்டி வைத்துவிட்டார்.

காரணம் சொல்லாதவர் ஆபிரகாமைக் கொண்டுவந்தார். ஆண்டவர் கூப்பிட்டதும் எங்கே போகிறோம் என்றுகூடக் கேட்காமல் புறப்பட்ட மனிதர். மூன்று நாள் தொடர்ந்து அதே அதிகாரம். சாராள் வாய் திறக்காமல் கூடப் போனதை ஜெபத்தில் வேறு நினைவூட்டினார். நான் விடுவேனா? எரேமியாவைத் தேடிப் பிடித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதுகிறார்: இருக்கிற பட்டணத்திலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணம் நன்றாயிருக்க ஜெபம் பண்ணுங்கள் என்று. வாசிக்கிற உரிமை என் வீட்டுக்காரருடையது என்பதால், அந்த அதிகாரத்தை என் ஜெபத்துக்குள்ளேயே ஒப்பித்துவிட்டேன்.

மறுநாள் அவர் லோத்தின் மனைவியை ஏவினார். விட்டுவந்த பட்டணத்தைத் திரும்பிப் பார்த்து உப்புத்தூணானவள். “பட்டணத்தின்மேல் ஆசை வைக்கிற ஸ்திரீகளை நினைத்தருளும்” என்று அவர் இழுத்தபோது என் காது சூடேறிற்று. அடுத்த நாள் நான் யோனாவை அனுப்பினேன். “கப்பலேறி ஓடினவனையே மீன் வயிற்றில் பிடித்தீரே, நாகர்கோவில் பஸ்ஸில் ஏறுகிறவர் உமக்கு எம்மாத்திரம்?” என்றேன்.

அன்றைக்கு மாமி ஆமென் சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை. “மக்களே, வேதத்தில உள்ள அத்தன பேரையும் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. எனக்க முட்டு தாங்காது கேட்டியா. கொஞ்சம் சுருக்கிச் சண்ட போடுங்க” என்றார்.

இதற்கு நடுவில் என் அக்கா இரண்டு நாள் வந்து தங்கினாள். இனி ஆபீசில் எல்லாம் மலையாளத்தில்தான் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம். அவர் லீவு கேட்டு மலையாளத்தில் ஒரு விண்ணப்பம் எழுதி, திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பேச்சில் ஒருவழியாக ஒப்பேற்றிவிடுவார், எழுத்து வராது. காகிதத்தில் எழுத்துகள் சந்தைக் கூட்டம்போல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தன. முதல் வரியில் லீவு கேட்டவர் மூன்றாவது வரியில் மேலதிகாரிக்கே லீவு கொடுத்திருந்தார். சாப்பிடும்போது நான் அதை அக்காவுக்கு ராகம் போட்டு வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று. அவரும் எங்களோடு சிரித்தார். பிறகு பாதிச் சோற்றில் கை அலம்பிக்கொண்டு எழுந்து போனார். கோபிக்கத் தெரியாத மனுஷன் என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

பாரம் கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் வந்தது. பாரம் வேதப்புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தது. அவர் அதைப் புரட்டித் தள்ளிவிட்டு ஏதோ ஒரு சங்கீதத்தை அவசரமாக வாசித்தார். என் முறை. தீர்க்கதரிசிகள் எல்லாரும் தீர்ந்துபோயிருந்தார்கள். “பிதாவே, இவர் எதற்குப் பயந்து ஓடுகிறார் என்று இவர் வாயாலேயே சொல்லப் பண்ணும்” என்று மட்டும் கேட்டேன். உண்மையில் அவர் வாயை அடைக்கத்தான் அப்படிக் கேட்டேன். பதில் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. விசுவாசத்தைப் பற்றி ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான்.

அவர் முறை வந்தது. தொடங்கியபோது பிதாவே இல்லை, அடியேன் இல்லை. அடுக்களையில் பேசுகிற பேச்சு.

“ஆண்டவரே, எனக்கு அந்த எழுத்து வரல்ல. ஆபீஸ்ல நேத்து வந்த பயலுவ எனக்க பைலத் தூக்கி வச்சுச் சிரிக்கானுவ. அது போவட்டு. வீட்டுக்கு வந்தா வீட்டுலயும் சிரிக்காங்க. சிரிக்காத எடத்துக்குப் போவம்னுதான் பாத்தேன். எனக்கு ஆபிரகாமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது.”

கல்யாணமான ஆறு வருஷத்தில் முதல்முறையாக ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்தேன். அவர் கசப்பு மருந்து குடிக்கிறவரைப்போல் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். அந்தப் பாதிச் சோறு என் கண்முன் வந்தது. ஒரு மாதமாக இவர் மனதை மாற்றச் சொல்லி ஆண்டவரை நச்சரித்தேனே, இவர் மனதில் என்ன இருக்கிறது என்று இவரிடம் ஒரு தடவை உட்கார்ந்து கேட்டேனா?

“நாம போயிருவோம்” என்றேன். “நாளைக்கே எழுதிக் குடுங்க. என் வேலை கிடக்கட்டும்.”

“ஜெபத்துக்கு எடையில பேசப்பிடாது” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

மாமியின் முறை வந்தது. ஊருக்குப் போக வேண்டும் என்ற ஆசை மகனைவிட அவருக்குத்தான் அதிகம். கட்டின சாக்கு பக்கத்தில்தான் இருந்தது.

“ஆண்டவரே, போறதும் இருக்கதும் ஒமக்க சித்தம். ஆனா ஒண்ணு, சிரிச்சவளே சொல்லிக் குடுக்கட்டு. ஆமென்” என்று முடித்தார். அந்த வீட்டில் கேட்ட மிகச் சிறிய ஜெபம் அதுதான்.

காலையில் அவர் பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “சொல்லித் தருவியா?” என்றார். தருவேன் என்றேன். இங்கேயே இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாமி பானைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.

அன்று சாயங்காலம் என்னுடைய மலையாள வேதப்புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அவராகவே எரேமியாவின் கடிதத்தைத் திறக்கச் சொன்னார். எழுத்துக்கு எழுத்து தடவி அவர் வாசித்த வேகத்துக்கு, பாபிலோனில் அந்த ஜனங்கள் வீட்டைக் கட்டியே முடித்திருப்பார்கள். முதலில் மாமிக்குத்தான் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினார், அடங்கவில்லை. அவரைப் பார்த்து இவரும் சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “பரவால்ல, நீயும் சிரிச்சுக்கோ” என்றார்.

நான் அடுத்த வரியில் விரலை வைத்தேன். கண்ணீரில் எனக்கு அந்த வரி தெரியவில்லை.