கொம்புச் சத்தமும் முருகையாவின் லொறியும்

ஹல்துமுல்லையில் பிறந்த முருகையாவுக்கு மீசை முளைக்கும் முன்பே மாட்டுவண்டி கைக்கு வந்துவிட்டது. ஹப்புத்தளை ஸ்டேசனில் அரிசி மூட்டை ஏற்றி, கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொண்டுபோய் இறக்குவார். திரும்பும்போது தேயிலைப் பெட்டிகளோடு மேலே ஏறுவார். இறக்கம் வந்தால் வண்டியில் உட்காரவே மாட்டார். மாடுகளோடு பேசிக்கொண்டு முன்னால் நடந்துபோவார். அப்படிப்பட்ட மனிதரைக் கூப்பிட்டு, இனிமேல் நீதான் லொறி ஓட்ட வேண்டும் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை சொன்னால் அவர் என்ன செய்வார்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம் அது. அந்தப் பக்கத்து ஜனங்களில் பாதிப்பேர் லொறியைக் கண்ணால் கண்டதில்லை.

கொழும்பிலிருந்து வந்து இறங்கிய அந்தச் சாமானைப் பார்த்ததும் முருகையா இரண்டு எட்டுப் பின்னால் போனார். மாடும் இல்லை, நுகமும் இல்லை. அதுபாட்டுக்கு நின்ற இடத்தில் நடுங்குகிறது, உறுமுகிறது, புகை விடுகிறது. அடேயப்பா, மனுஷன் செய்த பொருளா இது! தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் ஏறினார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரியா இருந்தது அது!

பதுளையிலிருந்து லத்தீப் என்ற டிரைவர் வந்து ஹப்புத்தளை ரோட்டில் வைத்துப் பழக்கிக் கொடுத்தார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். லொறியை நிறுத்தச் சொன்னால் முருகையா பழக்கதோஷத்தில் 'ஓவ், ஓவ்' என்று அதட்டுவார். லத்தீப் தலையில் அடித்துக்கொள்வார். ஊருக்குப் போகும்போது லத்தீப் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். வளைவு வந்தால் ஹோர்ன் அடி, அந்த ரப்பர் உருண்டையை நன்றாக அமுக்கு, எதிரில் வருகிறவன் ஒதுங்கிக்கொள்வான், அடிக்காமல் திரும்பினால் உன் கையால் ஒரு உயிர் போகும் என்றார். முருகையா அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம், கடைசி வளைவைத் தாண்டியதும் ரோட்டுக்கு மேலே மண்மேட்டில் நின்ற ஒரு தகரக் கொட்டகை. பிள்ளைகள் குடியிருக்கும் லயங்களோ ரோட்டுக்குக் கீழே. நடுவில் ரோட்டைத் தாண்டாமல் யாரும் வீடு போய்ச் சேர முடியாது. மாட்டுவண்டிக் காலத்தில் இது ஒரு விஷயமே இல்லை. பிள்ளையைக் கண்டால் மாடு தானாக நின்றுவிடும். தம்பையா வாத்தியார் பள்ளிக்கூடம் விடும்போது ஒரு பித்தளைக் கொம்பை எடுத்து ஊதுவார். முன்பெல்லாம் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் போகுமுன் பேர் கூப்பிட, ஆள் கூட்டக் கங்காணி ஊதிய கொம்பு அது. பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்கத் தொடங்கிய பிறகு கொம்பு வாத்தியார் கைக்கு வந்துவிட்டது. அதை ஊத வேண்டியதுதான் தாமதம், பசியோடு இருக்கிற பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்குவார்கள். முருகையாவின் ஒரே மகள் பாக்கியலெட்சுமியும் அவர்களில் ஒருத்தி.

லத்தீப் துணையில்லாமல் முருகையா முதன்முதலாகப் பாரம் ஏற்றி வந்த நாள். பின்னால் அரிசி மூட்டைகள் குதிக்கின்றன, முன்னால் மலையே கீழே சரிகிற மாதிரி இறக்கம். பயமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. கடைசி வளைவு வந்தது. சொன்ன சொல் தவறாமல் உருண்டையை அமுக்கினார். 'பாஆம்' என்று மலை முழுக்கக் கேட்டது. வளைவைத் திரும்பினால், ரோடு நிறையப் பிள்ளைகள்!

ஒதுங்க வேண்டிய சத்தத்துக்கு எதிரே ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பிரேக்கில் ஏறி நின்றார் முருகையா. வாய் மறுபடியும் 'ஓவ், ஓவ்' என்று கத்தியது. பாரத்தோடு இறங்கிய லொறி அவ்வளவு சீக்கிரம் கேட்குமா? இருந்த பலத்தையெல்லாம் கூட்டி மலைப்பக்கம் திருப்பினார். அது ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் மூக்கைக் கொடுத்து, மண்மேட்டில் இடித்து நின்றது. மூட்டை ஒன்று கிழிந்து அரிசி ரோட்டில் கொட்டியது. லொறிக்கு ஒரு முழம் தள்ளி, வாயைப் பிளந்தபடி நின்றாள் பாக்கியலெட்சுமி.

முருகையா இறங்கினார் என்பதைவிட விழுந்தார் என்பதே சரி. ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டுப் பார்த்தார். ஒன்றுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மேட்டிலிருந்து தம்பையா வாத்தியார் கொம்பும் கையுமாக ஓடி வந்தார்.

"நான் ஊதவே இல்லியே முருகையா!"

அப்படியானால் பிள்ளைகள் எந்தச் சத்தத்துக்கு இறங்கினார்கள்? முருகையா ரப்பர் உருண்டையை ஒரு தடவை அமுக்கினார். வாத்தியார் கொம்பை ஒரு தடவை ஊதினார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் ஒரே குரல். வாத்தியார் அன்றைக்கே கொம்பைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு தண்டவாளத் துண்டை வாசலில் கட்டித் தொங்கவிட்டார். இனி அதை அடித்தால்தான் பள்ளிக்கூடம் விட்டதாக அர்த்தம் என்று பிள்ளைகளுக்குப் படித்துப் படித்துச் சொன்னார். முருகையாவும் ஆபத்து விலகியது என்று நிம்மதியாகப் படுத்தார்.

அடுத்த பாரத்தோடு வந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று நடைவேகத்தில் இறக்கி, வளைவில் ஹோர்ன் அடித்தார். தண்டவாளச் சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் மேட்டிலிருந்து பிள்ளைகள் இறங்கி வந்தார்கள், பாக்கியலெட்சுமி முதல் ஆளாக! இந்தத் தடவை லொறி தூரத்திலேயே நின்றுவிட்டது. நின்றால் மட்டும் போதுமா? முருகையாவுக்கு வந்த ஆத்திரத்தில் கண்மண் தெரியவில்லை. மகளை அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு போனார்.

"ஏன்டி ஓடியாந்தே? வாத்தியாரு தண்டவாளம் அடிச்சாரா?"

"இல்லப்பா. அப்பா லொறின்னு தெரியும். அதான் பாக்க வந்தோம்."

ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. அதே லொறியைக் கண்டு பிரமித்து எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டவர் எந்த வாயால் அவளைத் திட்டுவார்? பெரியவர்களை விலக்குகிற சத்தம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருகிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

மறுநாளிலிருந்து வளைவுக்கு மேலேயே லொறியை நிறுத்தினார். சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, ஹோர்ன் அடிக்காமல் நடந்தே கீழே வந்து ரோட்டைப் பார்ப்பார். வெறும் ரோடாக இருந்தால் திரும்பப் போய், கைப்பிடியைச் சுற்றி இஞ்சினை எழுப்பி, மெதுவாக இறக்குவார். பள்ளிக்கூடம் விடுகிற நேரமானால் கொட்டகைக்கு முன்னால் கொண்டுவந்து இஞ்சினை அடக்கிவிட்டுக் காத்திருப்பார். அரிசி ஏன் தாமதமாகிறது என்று பார்க்கத் தொரையே ஒருநாள் குதிரையில் வந்துவிட்டார். நல்ல லொறியை நடுரோட்டில் நிறுத்திவைக்கவா உனக்குச் சம்பளம், நாளைக்கே வேறு ஆளைப் போடுவேன் என்று சத்தம் போட்டார். முருகையா இறங்கிக் கைகட்டி நின்றார்.

"போடுங்க தொரை. ஆனா வாறவருகிட்ட ஒன்னு சொல்லிருங்க. புள்ளைங்க நிக்காதுங்க, நாமதான் நிக்கணும்."

தொரை பதில் சொல்லும் முன்பே தண்டவாளம் அடிக்கிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். எப்போதும் ஓட்டமாகவே பார்த்திருந்த பிள்ளைகள், நின்றிருந்த லொறியின் முன்னால் மெல்ல நடந்தார்கள். போகிற போக்கில் ஒவ்வொன்றும் அதன் சூடான மூக்கை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு போயிற்று. மூக்கு ஒழுகுகிறவன், தம்பியை இடுப்பில் சுமந்தவள், சிலேட்டைத் தலையில் கவிழ்த்தவன்... அம்மாடி, இத்தனை பிள்ளைகளா இந்த ரோட்டில்! அத்தனையும் உயிரோடு போவதை முருகையா வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தொரையும் பிள்ளைகளுக்கு வழிவிட்டுக் குதிரையை ஓரமாக இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

பாக்கியலெட்சுமி கடைசியாக வந்தாள். நடுரோட்டில் நின்று, மேடு காலியாகிவிட்டதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் தாண்டிட்டோம்ப்பா. இப்ப நீங்க போங்க."

அவள் படியிறங்கி லயத்துக்குள் போகிற வரைக்கும் முருகையா லொறியில் ஏறவில்லை.